இந்த வாரப் பாட்டு: ரெகேவுக்குக் கட்டிவிட்ட பட்டு!

ரெகே என்றாலே நம்மில் பலருக்கு பாப் மார்லிதான் ஞாபகம் வருவார். ஆனால், அவர் உலகம் முழுக்கத் தெரிவதற்கு முன்பே ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு ஜோடிக் குரல் பிரிட்டனைக் கலக்கிவிட்டது. அவர்கள்தான் பாப் ஆண்டி, மார்சியா கிரிஃபித்ஸ்.

1970-ல் இவர்கள் பாடிய ‘யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ பிரிட்டன் ஹிட் பட்டியலில் 5-ம் இடம் பிடித்தது. இளமை, திறமை, கறுப்பு நிறம் மூன்றும் எனக்குப் பெருமையே என்பதுதான் பாட்டின் சாரம்.

பாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின நாடக ஆசிரியர் 34 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் தோழியின் நினைவாகப் பாடகி நீனா சிமோன் மெட்டமைக்க, வெல்டன் இர்வின் வரிகளை எழுதினார்.

ஜமைக்காவில் அதை ரெகேவாக மாற்றியவர் தயாரிப்பாளர் ஹாரி ஜான்சன். 1, 2, 3, 4 என்று தாளம் போட்டுப் பாருங்கள். 2-லும் 4-லும் கிட்டார் ‘சக்’ என்று வெட்டும். அடியில் பேஸ் கிட்டார் உருளும். அவ்வளவுதான், வேறு அலங்காரம் இல்லை.

ஆனால், அன்றைய பிரிட்டிஷ் வானொலிக்கு ரெகே ‘கரடுமுரடான’ இசை. எளிதில் ஒலிபரப்ப மாட்டார்கள். எனவே, லண்டனில் வெளியிடும்போது ஜானி ஆர்தே என்ற இசை அமைப்பாளரைக் கொண்டு வயலின் கூட்டத்தை மேலே சேர்த்தார்கள். பாட்டு பட்டு கட்டிக்கொண்டது, கதவும் திறந்தது!

இங்கேதான் ஒரு முள் குத்துகிறது. ‘நான் இருக்கிறபடியே எனக்குப் பெருமை’ என்று சொல்லும் பாட்டு, உள்ளே நுழைய உடை மாற்ற வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், மாறியது உடை மட்டும்தான். சொல்ல வந்ததில் ஒரு சொல்லும் மாறவில்லை. நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அதை வீட்டு ரேடியோவிலேயே கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு ‘பைட் பைப்பர்’ பாட்டும் ஹிட். பிறகு மார்சியா, மார்லியின் பின்னணிக் குரல்களான ‘ஐ த்ரீஸ்’ மூவரில் ஒருவரானார். பாப் ஆண்டி 2020-ல், 75 வயதில் மறைந்தார்.

வயலின் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வடிவங்களையும் இன்று தேடிக் கேட்கலாம். வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, ஒரு ஓட்டெடுப்பு நடத்துங்கள். என் ஓட்டு வயலின் இல்லாததற்குத்தான்.

ஆனால், அந்த வயலின் மட்டும் இல்லையென்றால், 50 வருஷம் தாண்டி இந்தப் பாட்டு என் இயர்போன் வரை வந்திருக்குமா? தெரியவில்லை!