ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

 

“ஃபார்மட் அடிச்சிடலாம்.” இந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. லேப்டாப் எந்த நோயோடு போனாலும் கடையில் கிடைக்கிற மருந்து இது ஒன்றுதான். காய்ச்சலுக்கும் இதே, கால் சுளுக்குக்கும் இதே. உள்ளே இருப்பது லினக்ஸ் என்று தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். மூடியைத் திறந்த ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதியாகிவிடும்: “இது வேலைக்கு ஆகாதும்மா, விண்டோஸ் போட்டுத் தரேன்.”

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள். பச்சைமலையில் 11 வருடம், மீதி துறையூர், உப்பிலியபுரம் பக்கம். லினக்ஸ் கற்றுக்கொண்டது ஓய்வுக்குப் பிறகு, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில். மலையிலிருந்து இறங்கி வருகிற என் பழைய பிள்ளைகள், இப்போது அவர்களுடைய பிள்ளைகளும், “டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பையோடு வந்து நிற்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான். பொறியாளர் நண்பர்கள் பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள்.

பையில் வருவது பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. பல தொகுதிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. மலைமேல் மரவள்ளி போடுகிற குடும்பத்தில், வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில், யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள ஓர் இயங்குதளம் சும்மா உட்கார்ந்திருந்தது. அதைத் திறந்து பார் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஆள் இல்லை. “அது என்னமோ இன்னொண்ணு வருது டீச்சர், எடுத்துட சொல்லிட்டேன்” என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

எடுக்காமல் வைத்திருந்தவன் ஒருவன். குரூப் 4 தேர்வுக்கு இரண்டு வருடம் படித்து, குறிப்புகளை எல்லாம் லினக்ஸில் லிப்ரே ஆபீஸில் தட்டி வைத்திருந்தான். ஒரு நாள் கடவுச்சொல் போட்டால் திரை ஒரு முறை கறுத்து, மறுபடி கடவுச்சொல்லே கேட்டது. திரும்பத் திரும்ப அதே. கடைக்குக் கொண்டுபோனான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்களாம், ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்களாம். போய்விட்ட ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் மட்டும் எப்படி ஏறியது என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருடக் குறிப்பும், அக்கா கல்யாணப் படங்களும் போயின. என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த மாதம் ஒரு பெண் அதே அறிகுறியோடு வந்தாள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படம் எதுவும் இல்லாத கருந்திரை வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் உள்ளே விட்டது. அப்படியானால் கடவுச்சொல்லில் கோளாறு இல்லை. டி, எஃப் என்று இரண்டே எழுத்துள்ள ஒரு கட்டளை உண்டு. எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். லினக்ஸ் இருந்த பகுதி 100 சதவீதம் நிரம்பியிருந்தது. உள்ளே நுழையும்போது கணினி சில சின்னச் சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடம் இல்லை என்றால் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடும். அவள் சேமித்து வைத்திருந்த வகுப்பு வீடியோக்களைப் பென் டிரைவுக்கு மாற்றினோம். இறக்கி நிறுவிய பொதிகளின் எச்சங்களைத் துடைத்தோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடி உள்ளே நுழைந்தபோது அவள் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

வீடு நிறைய மூட்டை அடுக்கிக் கதவு திறக்கவில்லை என்றால் மூட்டையை நகர்த்துவோமா, வீட்டை இடிப்போமா?

கடைக்காரரை மட்டும் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது. ஃபார்மட் என்றால் இவ்வளவு நேரம், இவ்வளவு கூலி என்று கணக்கு உண்டு. காரணம் தேடுவதற்கு யாரும் கூலி தருவதில்லை. “பத்து நிமிஷந்தானே பார்த்தீங்க, அதுக்கு எதுக்குக் காசு?” என்று கேட்கிறவர்கள் நாம்தான். ஆனால் ஒன்று கேட்கலாம். அழிப்பதற்கு முன் “உள்ளே வேணுங்கறது ஏதாச்சும் இருக்காப்பா?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் உள்ள லேப்டாப். லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. பேட்டரி போச்சு, போர்டு போச்சு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். “எவ்வளவு பின்தங்குது?” என்று கேட்டேன். “அஞ்சரை மணி நேரம் டீச்சர், எப்பவும் சரியா அஞ்சரை.” ஐந்தரை என்றதும் என் காதில் புவியியல் பாடம் ஒலித்தது. நம் திட்ட நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையில் கணக்கிடுவது. பாகைக்கு 4 நிமிடம், ஆக 330 நிமிடம். அதாவது கிரீன்விச்சுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். லினக்ஸ் கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது ஐந்தரை கூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று நினைத்து அப்படியே காட்டுகிறது. எதுவும் கெடவில்லை. ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். லினக்ஸிடம் “நீயும் உள்ளூர் நேரமே எழுது” என்று ஒரு வரிக் கட்டளையில் சொன்னால் முடிந்தது. பணியில் இருந்தபோது இது தெரிந்திருந்தால் தீர்க்கரேகைப் பாடத்தை இதை வைத்தே நடத்தியிருப்பேன்!

இன்னொன்று, டி டிரைவ் லினக்ஸில் திறக்கிறது, ஆனால் எதையும் எழுத விடவில்லை என்பது. விண்டோஸ் 8 முதல் ‘வேகத் தொடக்கம்’ என்று ஒன்று உண்டு. நாம் அணைத்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை, ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். பாதியில் விட்ட நோட்டில் நாம் கை வைக்கக் கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்தினால் போதும்.

வைஃபை வரவில்லை என்பது மலைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கஷ்டம். சில வைஃபை சில்லுகளுக்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்து வராது, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இணையம் வேண்டும். போனை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால் தீரும். ஆனால் போனில் சிக்னல் வேண்டுமே? பச்சைமலையில் சிக்னல் கிடைக்கிற பாறை எது, வளைவு எது என்று ஊருக்கு ஊர் தெரியும். லேப்டாப்பையும் போனையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்து டிரைவர் இறக்கியவனை எனக்குத் தெரியும். அவனுக்கு எந்தச் சான்றிதழும் யாரும் கொடுக்கவில்லை.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

மலைப் பிள்ளைகளுக்குக் காரணம் தேடத் தெரியாதா? ஆடு படுத்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்கள் என்று நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நேற்று பொழுது சாயும்போதிருந்து அசை போடவில்லை, முந்தாநாள் மழையில் புது இடத்தில் மேய்ந்தது, கூட மேய்ந்த மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அதே பிள்ளை கணினியைக் கொண்டுவந்தால் “ஓடல டீச்சர்” என்று ஒரே வார்த்தை. கடைசியாக என்ன செய்தாய்? தெரியாது. திரையில் என்ன எழுதியிருந்தது? இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு, மூடிட்டேன்.

அந்த ‘ஏதோ’வில்தான் விடையே இருக்கிறது. பிழைச் செய்தியைப் பயப்படாமல் முழுதாகப் படிக்கவோ, புரியாவிட்டால் படமாவது எடுத்துக்கொள்ளவோ நாம் சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்தில் ஏதாவது எழுதி வந்தாலே தான் செய்த தப்புக்கான கண்டிப்பு என்று நினைக்கிற குழந்தையை உருவாக்கியது யார்? பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதோடு நின்றுவிடுகிறது. உடைந்தால் என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை. இப்போது ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள். அதனிடமும் “ஓடல” என்று கேட்டால் என்ன பதில் வரும்?

பதில் சொல்கிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. எரிக் ரேமண்ட் என்பவர் 2001-ல், கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று லினக்ஸ்காரர்களுக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். முதலில் நீயே தேடு, என்ன செய்தாய் என்று துல்லியமாகச் சொல் என்பதெல்லாம் நியாயமான புத்திமதி. ஆனால் அதன் தொனி வாசலில் பிரம்போடு நிற்கிற வாத்தியார் தொனி. குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொடுகிற பிள்ளை அந்த வாசலைத் தாண்டி உள்ளே வராது. விளக்கமே இல்லாமல் ஒரு கட்டளையை வீசி “இதை ஒட்டு” என்கிறார்களே, அது அதைவிட ஆபத்து. எதைச் செய்யும் கட்டளை என்று தெரியாமல் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினால், கடைக்காரர் செய்ததை நம் கையாலேயே செய்துகொள்ள நேரும்.

இத்தனைக்கும் இந்த இயக்கத்தின் வேரே ஒரு பிரிண்டர் கோளாறுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்த ஒரு லேசர் பிரிண்டர். அதன் மென்பொருளின் மூல நிரலைக் கேட்ட ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அது மறுக்கப்பட்டது. அந்தக் கசப்பு அவர் 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு ஒரு காரணம். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முயற்சியை அறிவித்தபோதும், மினிக்ஸ் பயன்படுத்துகிறவர்களிடம் அதில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டுத்தான் எழுதினார். கேள்வியில் பிறந்த ஒன்றிடம் கேள்வி கேட்கப் பிள்ளைகள் பயப்படலாமா?

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி, பிறகு பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். இன்று அது கைட் என்ற நிறுவனம். எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்கள் போட்ட லினக்ஸ் அல்ல, பள்ளிக்கு ஓர் ஆசிரியரை ஐ.டி. ஒருங்கிணைப்பாளராக வைத்ததுதான். பொறியாளரை வெளியிலிருந்து தேடவில்லை, வகுப்பெடுக்கிற ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2018-லிருந்து லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றமும் நடத்துகிறார்கள். கோளாறு வந்தால் கேட்க ஒரு முகம் இருக்கிறது, அது தாய்மொழியில் பேசுகிறது. இங்கே மடிக்கணினி வந்தது, லினக்ஸும் வந்தது, அந்த முகம் மட்டும் வரவில்லை. தமிழில் 2012-லிருந்து கணியம் இதழ் இந்த வேலையைத் தன்னார்வமாகச் செய்கிறது. சென்னை லினக்ஸ் குழுவினரும் பல ஆண்டுகளாகக் கூடிப் பேசுகிறார்கள். ஆனால் டாப் செங்காட்டுப்பட்டியில் இருக்கிற பிள்ளைக்குச் சென்னை ரொம்ப தூரம்.

எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் குவிந்து கிடக்கிற அலுவலகக்காரர்கள், யூனிகோடுக்கு மாற்றாமல் வந்தால் கஷ்டப்படுவார்கள். சில பிரிண்டர்கள் லினக்ஸோடு பேசவே பேசாது. அப்படிப்பட்டவர்களுக்கு விண்டோஸே இருக்கட்டும் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தொடக்க வருடங்களில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றை எடைக்குப் போடாமல் இருக்க லினக்ஸ்தான் நல்ல வழி. போட்டுக் கொடுப்பது ஒரு மணி நேர வேலை. போட்ட பிறகு வருகிற கேள்விக்கு யார் பதில் சொல்வது? அதனால் பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறேன்: உங்கள் பள்ளியில் ஒருவர் இதற்கு முன்வர முடியுமா? அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை 10 மணியிலிருந்து நான் வீட்டில்தான் இருப்பேன். மலையிலிருந்து வருகிறவர்கள் துறையூர் பஸ் நேரம் பார்த்து வாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள், முக்கால்வாசிப் பேருக்குப் பேட்டரி நிற்பதில்லை. காலியான பென் டிரைவ் ஒன்று வேண்டும், எதைத் தொடுவதற்கும் முன்னால் உங்கள் கோப்புகளை அதில் எடுத்து வைப்போம். பிழைச் செய்தி வந்தால் மூடாதீர்கள், போனில் படம் எடுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி வாருங்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.