கழுத்துப்பட்டையும் தோள்துண்டும்

ஒரு முழத் துணி கழுத்தில் தொங்குவதனால் ஒருவனுக்கு அறிவு பெருகிவிடாது. தொங்காமையால் அது குன்றிவிடவும் மாட்டாது. இவ்வெளிய உண்மையை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்து வரும் இந்நாளிலும், தமிழ்நாட்டின் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் பல, ஐந்து அகவைக் குழந்தையின் கழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பங்குனி வெயில் கொளுத்தும்போதும் மேற்பொத்தானை இறுகப் பூட்டி, அதன்மேல் ‘டை’ என்னும் கழுத்துப்பட்டையை மாட்டியே பிள்ளையை வகுப்பிற்கு விடுக்கின்றனர். அதன் நிறத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை அப்பிள்ளைக்கு இல்லை. முடிச்சிடும் வேலைதானும் இல்லை. முடிச்சு கடையிலேயே தைக்கப்பட்டு, இழுவை நாடா கோத்து விற்கப்படுகின்றது. கன்றுக்குத் தும்பு மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இப்பட்டை எங்கிருந்து வந்தது? 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நிகழ்ந்த முப்பதாண்டுப் போரில், குரோவாத்தியக் கூலிப்படை மறவர் தம் நாட்டு வழக்கப்படி கழுத்தில் துணி கட்டியிருந்தனர். அதனைக் கண்டு விரும்பிய பிரெஞ்சுக்காரர், குரோவாத்தியர் பெயரையே திரித்து அதற்குக் ‘கிராவத்து’ எனப் பெயரிட்டனர். பதினான்காம் உலூயி மன்னனின் அவையில் அது பட்டும் பின்னலுமாகப் பகட்டேறியது. பின்னர் ஆங்கில நாட்டிலும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பள்ளிகளும் படைப்பிரிவுகளும் மன்றங்களும் தத்தமக்கெனக் கோடுகளும் நிறங்களும் வகுத்து அதனைக் குழு அடையாளம் ஆக்கின. இன்று கடைகளில் தொங்கும் நீள்பட்டையின் தையல்முறையோ, துணியைச் சாய்வாக வெட்டி மூன்று துண்டாக இணைப்பது. நியூயார்க்கு நகரத்து இலாங்குசுதார்பு என்னும் தையற்காரர் 1920களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொன்றுதொட்ட ஆங்கிலப் பெருமை எனத் தமிழர் சிலர் தலைமேற் கொள்வது, குரோவாத்திய மறவன் கழுத்துத் துணியின் வழிவந்ததே.

“பிரெஞ்சுக்காரன் பிறரைப் பார்த்து அணிந்தான், தமிழன் அணிந்தால் மட்டும் குற்றமா?” என வினவுவார் உளர். பிரெஞ்சுக்காரன் விரும்பிக் கொண்டான். தன் மொழியில் பெயரிட்டான். தன் விருப்பப்படி மாற்றினான். தமிழ்ப் பிள்ளையோ, கட்டாயத்தின்பேரில் பூணுகின்றான். விரும்பி அணிதல் வேறு. அணியாவிட்டால் வாயிலில் நிறுத்தப்படுதல் வேறு. குளிர்நாட்டான் ஒருவன் அகலப் பட்டையோ ஒடுங்கிய பட்டையோ வில்முடிச்சோ தன் உவப்பிற்கேற்பத் தெரிந்து கட்டுவானாயின், அதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. பழிக்கத்தக்கது கட்டாயமே.

அக்கட்டாயத்தை உலகம் உதறி வருகின்றது. சப்பானிய அரசு 2005 இல், கோடைக்காலத்தில் அலுவலர் கழுத்துப்பட்டையும் மேற்சட்டையும் இன்றிப் பணிக்கு வரலாம் என அறிவித்து, குளிரூட்டும் மின்செலவைக் குறைக்க வழிகண்டது. 2017 இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்திலேயே, ஆண் உறுப்பினர்க்குக் கழுத்துப்பட்டை கட்டாயமன்று என அவைத்தலைவர் கூறினார். 2021 பிப்பிரவரியில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் நிகழ்ந்ததோ தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மாவோரி இனத்து உறுப்பினர் இராவிரி வைத்திதி, கழுத்துப்பட்டைக்கு மாற்றாகத் தம் இனத்தின் பச்சைக்கல் பதக்கத்தை அணிந்து அவைக்கு வந்தார். அவைத்தலைவர் அவரை வெளியேற்றினார். ஆனால் மறுநாளே அக்கட்டாயம் கைவிடப்பட்டது. ஒருவரின் உறுதி ஒரு நாட்டின் வழக்கத்தை மாற்றியது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது என்ன? 2014 சூலையில், சென்னையில் துடுப்பாட்டச் சங்கத்தின் மன்றம் ஒன்றில், வேட்டி அணிந்து சென்ற உயர்முறைமன்ற நடுவர் ஒருவரே வாயிலில் தடுக்கப்பட்டார். வெள்ளையன் வெளியேறி அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியும் அவன் வகுத்த உடைக் கட்டுப்பாடு மட்டும் காவல் நின்றது! எழுந்த எதிர்ப்பின் விளைவாக அவ்வாண்டே ஆகத்துத் திங்களில் சட்டமன்றம் அத்தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் பெரியவர் இடுப்பிலுள்ள வேட்டியைக் காத்தது. சிறுவன் கழுத்திலுள்ள தும்பை அவிழ்க்கவில்லை.

“கழுத்துப்பட்டை ஒழுங்கைக் கற்பிக்கின்றது, ஏழை பணக்காரன் வேற்றுமையை நீக்குகின்றது” என்பர் பள்ளி நடத்துவோர். ஒரே நிறச் சட்டை அவ்வொப்புமையைத் தந்துவிடுகின்றதே. அதற்குமேல் கழுத்தை இறுக்குவது எதற்கு? “நாளை அலுவல் கிடைக்க உதவும்” என்பர். இருபது அகவையில் சிறு பொழுதில் கற்றுக்கொள்ளும் முடிச்சிற்காகப் பன்னிரண்டு ஆண்டு வியர்வையா?

இவ்வளவும் கூறுவோர் மற்றோர் உண்மையையும் மறைக்காது கூறல் வேண்டும். தமிழனுக்கு உரியது தோள்துண்டு. தோளில் மடித்திட்டால் மேலாடை, தலையில் சுற்றினால் உருமால், உழைப்பவனுக்கு வியர்வை துடைக்கும் துணி, களைத்தவனுக்கு விரிப்பு. வேந்தனுக்கும் வேட்டுவனுக்கும் உடுப்பவை இரண்டே என ஒருநிகராக வைத்தார் புறநானூற்று நக்கீரர். ஆயினும் பிற்காலத்துத் தமிழர் அந்நிகர்மையைக் காத்தனரா? இலர்! மேற்சாதியார் எதிரே ஒடுக்கப்பட்டோர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் எனக் கொடுமை செய்தனர். தம் இசையால் ஊரையே மயக்கிய நாகசுரக் கலைஞர்க்கும் அவ்விழிவு இழைக்கப்பட்டது. தன்மான இயக்கத்தார் போராடியே அத்துண்டைத் தோளில் ஏற்றினர். வெள்ளையன் மன்றத்து வாயிற்காவலனும் துண்டை இறக்கச் சொன்ன ஊர்ப்பெருந்தனக்காரனும் ஒரே தொழிலையே செய்தனர். ஒருவன் “கட்டினால்தான் மதிப்பு” என்றான். மற்றவன் “போட்டால் மதிப்புக்கேடு” என்றான். இருவரும் துணியைக் கொண்டு மாந்தனைத் தாழ்த்தியவரே. ஒருவனை எதிர்த்து மற்றவனை விட்டுவைப்பது தமிழ்ப்பற்று ஆகாது.

தமிழ்ப் பெற்றோரே! பிள்ளையின் கல்விக்குப் பணம் கட்டுவோர் நீவிர். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “கழுத்துப்பட்டையைக் கட்டாயத்தினின்று நீக்குக” என வேண்டுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பர்; பதின்மர் கேட்டால் எண்ணிப் பார்ப்பர்; நூற்றுவர் கேட்டால் நீக்குவர். திருமணத்திலும் அவையிலும் அலுவலகத்திலும் துண்டணிந்து செல்வோர் அதனை நிமிர்ந்து அணிக. அருகில் நிற்கும் எவன் தோளிலும் அது நிகராகக் கிடக்கக் கண்டு மகிழ்க.

கழுத்து, பாடுதற்கும் பேசுதற்கும் நிமிர்தற்கும் அமைந்த உறுப்பு. அதனைச் சுற்றுவது எதுவாயினும், சுற்றிக்கொள்பவன் கையே அதன் முடிச்சை இடுக! அவன் கையே அதனை அவிழ்க்க!