ஆண்களின் மேற்படிப்பை எதைக்கொண்டு அளக்கிறோம்?

வளரும் நாடுகளின் உயர்கல்வியை ஒப்பிட்டு நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மொத்தச் சேர்க்கை விகிதத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களின் விகிதம் 28.3. அதை இலங்கை, பிலிப்பைன்ஸ் எண்களுக்குப் பக்கத்தில் எழுதியதும் ஒப்பீடு முடிந்ததாகக் கொள்கிறார்கள். சேர்க்கை என்பது இன்று வகுப்பில் இருப்பவர்களின் கணக்கு. ஒரு நாட்டு ஆண்கள் எதுவரை படித்து முடித்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

அந்தச் சேர்க்கைக் கணக்கும் நாம் நினைப்பதுபோல் அத்தனை நேரானதில்லை. பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்கிறான். மற்றவன் தாழையூத்து சங்கர் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோவுக்குப் போகிறான். பத்தாம் வகுப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டு இருந்தால்தான் உயர்கல்வி என்பது அகில இந்தியக் கணக்கெடுப்பின் வரையறை. ஆகவே பாலிடெக்னிக் பையன் உள்ளே, ஐ.டி.ஐ. பையன் வெளியே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பட்டத்துக்கு இணையாகாத தொழில்நுட்ப டிப்ளமோவையும் சான்றிதழையும் ஒரே தலைப்பில் சேர்த்தது. அங்கே இருவரும் ஒரே வரியில் நிற்பார்கள். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமோ ஐ.டி.ஐ.யையும் மேற்படிப்பாகக் கொண்டு அதன் மாணவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. ஒரே ஊரில், ஒரே பையனுக்கு மூன்று கணக்கு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டிலும் ஆண்களே மிகுதி என்பதால் இந்த வேறுபாடு ஆண்களின் எண்ணைத்தான் அதிகம் அசைக்கிறது.

வயதிலும் சிக்கல் உண்டு. பாலிடெக்னிக்கில் பதினாறு வயதில் சேர்ந்தவன் விகிதத்தின் தொகுதியில் ஏறிவிடுகிறான். பகுதியிலோ 18 முதல் 23 வரையுள்ளோர் மட்டும். யுனெஸ்கோ ஆறு வயதுகளுக்குப் பதிலாக ஐந்தை எடுக்கிறது. பிலிப்பைன்ஸில் 2016-இல் மேல்நிலை வகுப்புகள் வரும்வரை பத்தாண்டுப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் கல்லூரிதான். அங்கே இன்று நாற்பது வயதாகும் ஒருவர் கல்லூரியில் படித்த முதல் இரண்டு ஆண்டுகள், நம்மூர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயதில் கழிந்தவை. இடையில் நின்றவரும் அங்குக் கல்லூரி வரை போனவராகவே எண்ணப்படுகிறார்.

முடித்தாரா என்ற கேள்வியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும். "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்றால் "பி.இ. முடிச்சாச்சு" என்பார் தாய். இன்னும் ஒரு கேள்வி கேட்டால்தான் "நாலு அரியர் இருக்கு" என்பது வரும். நாடுகளின் கல்வி நிலையைக் காட்டும் பாரோ-லீ தரவுத்தொகுப்பு உயர்கல்விக்குள் நுழைந்தோரையும் முடித்தோரையும் தனித்தனியே தருகிறது. இரண்டு எண்ணும் கையில் இருக்க, பெரிய எண்ணை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுவது ஆய்வுக்கு அழகில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது ஊரில் இல்லாத ஆண்கள். 1878-இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரியும் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை அனுப்பிய ஊர் எங்கள் பாளையங்கோட்டை. அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். 2011-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள் இருந்ததற்கு இந்த வெளியேற்றமும் ஒரு காரணம். வீட்டில் இருப்பவரை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு, இந்த ஊர் படிக்கவைத்த ஆண்களில் ஒரு பகுதியை எண்ணாமலே விடுகிறது. யாழ்ப்பாணத்துக்கும் கேரளத்துக்கும் இதே குறை உண்டு. அங்கு ஆண்களின் விகிதம் தாழ்ந்து தெரிந்தால், "ஆண்கள் படிப்பதில்லை" என்று எழுதும் முன் படித்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

எத்தனை ஆண்களிடம் கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நேர்காணப்பட்ட பெண்கள் ஏழு லட்சத்துக்கு மேல். ஆண்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. ஆண்களுக்கான தனி நேர்காணலைக்கொண்டு மாவட்ட அளவில் முடிவு சொல்ல இடமில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பின் வீட்டு உறுப்பினர் பட்டியலில் எல்லா ஆண்களின் படிப்பும் பதிவாகியிருக்கிறது. மாவட்டம் பற்றி எழுதுவோர் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஆண்-பெண் இடைவெளி மூடிவிட்டது என்ற முடிவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் ஆண்கள் 28.3, பெண்கள் 28.5. டிப்ளமோவை விலக்கிப் பட்டப்படிப்பை மட்டும் எடுத்தால் ஆண்கள் இன்னும் பின்தங்குவார்கள், ஐ.டி.ஐ.யைச் சேர்த்தால் முன்னே வருவார்கள். எது சரி என்பது நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் எதைச் சேர்த்தீர்கள் என்று சொல்லாத அட்டவணை எவருக்கும் உதவாது.

ஆகவே இனி கட்டுரை அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பீட்டுக்கு 25 முதல் 34 வயது வரையுள்ள ஆண்களை எடுங்கள். நுழைந்தோரையும் முடித்தோரையும் தனித்தனியே காட்டுங்கள். டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் எந்த வரியில் இருக்கின்றன என்று எழுதுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்போர் கணக்கில் உண்டா என்பதை அட்டவணைக்குக் கீழேயே குறிப்பிடுங்கள். இவை இல்லாத அட்டவணைகளை அடுத்த இதழிலிருந்து திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.