சின்னக் குழந்தையின் அவசரம்

மூன்று வயதுக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கும்போது புதுச் சட்டை, தட்டு, தம்ளர் எல்லாம் வாங்கித் தருகிறார்கள். ஆனால் 'ஒண்ணுக்கு வருது' என்பதை யாரிடம், எந்த மொழியில் சொல்வது என்று கற்றுக்கொடுப்பவர்கள் சிலரே. அந்தமானில் இது அற்ப விஷயமல்ல. வீட்டில் தமிழ், வெளியே பெரும்பாலும் இந்தி அல்லது வங்காளம். குழந்தை சொல்வது ஆயாவுக்குப் புரிவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. பிறகு மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு. மறுநாள் 'போகமாட்டேன்' என்ற அழுகை.

இதற்காகக் குழந்தையை அடிப்பதும் அதட்டுவதும் நியாயமாகாது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தி வயதோடு சிறிது சிறிதாகத்தான் வருகிறது. பகலில் பழகிய குழந்தையும் புது இடத்தில், விளையாட்டு மும்முரத்தில் தவறுவது உண்டு. இரவில் படுக்கையை நனைப்பது ஐந்து வயதிலும் சாதாரணமே. பயந்து மலத்தை அடக்கும் குழந்தைக்கு அது இறுகி வலி தருகிறது. வலிக்குப் பயந்து மேலும் அடக்குகிறது. கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காத குழந்தைக்கு நீர்க்கடுப்பும் வருகிறது.

ஊரில் என்றால் இதையெல்லாம் பாட்டியோ அத்தையோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே பாட்டி கடலுக்கு அப்பால் இருக்கிறார். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளில் பழக்குவதற்கு நேரம் இல்லை. ஆயினும் சேர்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கினால் போதும். எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், படுக்கப் போகுமுன் தவறாமல் உட்காரவைக்க வேண்டும். தானே இறக்கிக்கொள்ளக்கூடிய இலாஸ்டிக் வைத்த கால்சட்டையே நல்லது. கழுவவும் சோப்புப் போட்டுக் கை அலம்பவும் பழக்க வேண்டும். பையில் ஒரு மாற்றுடை இருக்கட்டும். சுண்டுவிரலைக் காட்டினால் 'ஒன்றுக்கு' என்று பொருள் என்பதை நாட்டின் பல பள்ளிகளும் அறியும். அந்த ஜாடையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் வழங்கும் சொல்லை முதல் நாளே ஆயாவிடம் சொல்லிவிட்டால் மொழிச் சிக்கல் பாதி தீரும்.

மீதிப் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. பள்ளியில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையும் குடிநீரும் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் கட்டடம் இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் என்ன பயன்? 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரம் தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. மழை குறைந்த மாதங்களில் அங்கே குழாய்த் தண்ணீர் தினந்தோறும் வருவதில்லை. அந்த நாட்களில் குழந்தைகளின் கழிவறைக்கென்று ஒரு தொட்டித் தண்ணீராவது முதலில் ஒதுக்கப்பட வேண்டும். பெரியவர்களுக்கான பீங்கானில் சின்னக் கால்கள் வழுக்காதபடி சிறிய பீங்கான் பதிக்கப்பட வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் மிகுந்த இடங்களில் தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவரை நியமிப்பதும் பெரிய செலவல்ல.

எழுத்தறிவுக்கு முதல் படி பலகையும் பல்பமும் மட்டுமல்ல. அவமானமில்லாமல் வகுப்பில் உட்காரும் தைரியமும்தான். அதைப் பெற்றோர் வீட்டிலும் நிர்வாகம் பள்ளியிலும் தர வேண்டும். குழந்தையின் அவசரம் மனுப் போட்டுக் காத்திருக்காது.