வண்டி இழுக்கும் கயிறு அறுந்தால் எங்கே போகும்?

மழை சீசன் ஆரம்பித்துவிட்டால் என் இன்பாக்ஸில் டெங்கு, ஃபுளூ கேள்விகளுக்கு நடுவே இப்படி ஒன்றும் வருகிறது: "டாக்டர், புதுசா தார் எடுத்திருக்கேன். சேத்துல மாட்டுனா இழுக்க எந்த ரோப் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்?"

சுகர், பி.பி. பற்றி எழுதுகிற ஆளிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், எனக்கும் கொஞ்சம் வண்டிப் பைத்தியம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கருத்து. ஸ்ட்ராங்கான சிந்தெடிக் கயிறு வாங்குங்கள், சந்தேகமே வேண்டாம். ஆனால் கடைக்காரரிடம் "எத்தனை டன் தாங்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "இது எவ்வளவு இழுபடும்? இதன் நுனியில் என்ன இருக்கிறது?" இந்த இரண்டையும் கேளுங்கள். அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கிற எனக்கு டன் கணக்கை விட இந்த இரண்டுதான் பெரிது.

ஏன் என்று சொல்கிறேன். சின்னக் கணக்கு, பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க.

9 மீட்டர் நைலான் கயிறு. 8 டன் இழுவிசையில் அது சுமார் 20 சதவீதம் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1.8 மீட்டர். இழுவிசையில் பாதியை நீட்சியால் பெருக்கினால் கயிற்றுக்குள் தேங்கியிருக்கும் ஆற்றல் கிடைக்கும். கிட்டத்தட்ட 70,000 ஜூல். ஒன்றரை டன் கார் ஒன்று மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வந்தால் அதனிடம் இருக்கும் ஆற்றலும் இதே அளவுதான். அந்தக் காரை உங்கள் இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு கயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். கயிறோ, அதை மாட்டிய கொக்கியோ, கொக்கியை வெல்டு வைத்த பம்பரோ, எது முதலில் விடுகிறதோ அங்கிருந்து அவ்வளவும் வெளியே வரும். சின்ன வயதில் உண்டிவில் இழுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே கல்லுக்குப் பதில் இரும்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கடைக்குப் போவோம். எல்லாக் கயிற்றையும் "டோயிங் ரோப்" என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். உண்மையில் வேலை இரண்டு விதம்.

ஒன்று, சொடுக்கி இழுப்பது. முன்னால் நிற்கும் வண்டி கொஞ்சம் ஓடி வந்து, கயிறு ரப்பர் போல நீண்டு, அந்த வேகத்தில் மாட்டிய வண்டியை உருவி எடுக்கும். இதற்கு நீளும் கயிறு வேண்டும், அதாவது நைலான். பட்டையாக வந்தால் ஸ்னாட்ச் ஸ்ட்ராப், உருட்டுப் பின்னலாக வந்தால் கைனடிக் ரோப். பட்டை 20 சதவீதம் வரை நீளும். நல்ல கைனடிக் ரோப் 30 வரைகூடப் போகும்.

இரண்டாவது, வின்ச். மோட்டார் மெதுவாகச் சுருட்டிச் சுருட்டி இழுக்கும். இதற்கு நீளவே கூடாது. இங்கேதான் டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் நீங்கள் கேள்விப்படும் உயர்ரக பாலிஎத்திலீன் நார் வருகிறது. நம்ம மளிகைக் கடை கேரி பேக் இருக்கிறதே, அதே பாலிஎத்திலீன் குடும்பம். மூலக்கூறுச் சங்கிலிகளை மிக மிக நீளமாக்கி, ஒரே திசையில் படியவைத்து நூலாக இழுத்தால், எடைக்கு எடை இரும்புக் கம்பியை எங்கோ தூக்கிச் சாப்பிட்டுவிடும். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. தண்ணீரில் மிதக்கும். அறுந்துபோகும் கட்டத்தில்கூட மூன்று, நான்கு சதவீதம்தான் நீளும். மேலே போட்ட அதே கணக்கை 9 மீட்டர் டைனீமாவுக்குப் போட்டுப் பாருங்கள், 10,000 ஜூல் பக்கம் வரும். நைலானில் ஏழில் ஒரு பங்கு.

இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. நீளாத டைனீமாவை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்து சொடுக்கினால், அந்த அதிர்ச்சியைத் தாங்க அதில் இடமே இல்லை. மொத்த அடியும் கொக்கி மாட்டிய இடத்தில் இறங்கும். சேசிஸில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். "காஸ்ட்லி ரோப்தானே போட்டேன் டாக்டர்" என்று அப்புறம் சொல்லிப் பயனில்லை.

சரி, எத்தனை டன்? ஆஸ்திரேலியாவில் மணலில் வண்டி ஓட்டுவது பெரிய பொழுதுபோக்கு. அங்கே உயிர்கள் போன பிறகு, இந்த இழுவைப் பட்டைகளில் எச்சரிக்கை லேபிள் ஒட்டியே விற்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அதில் உள்ள அளவு எளிமையானது. இரண்டு வண்டிகளில் எடை குறைந்த வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. மொத்த எடை என்றால் ஆள், லக்கேஜ், டீசல் எல்லாம் சேர்த்து. 2.5 டன் வண்டிக்கு 5 முதல் 7.5 டன். அதற்கு மேல் போனால் இன்னும் சேஃப் என்று நினைக்காதீர்கள். ஜிம்னி மாதிரி ஒன்றரை டன் வண்டிக்கு 15 டன் பட்டை வாங்கினால் அது நீளவே நீளாது, வெறும் இரும்புச் சங்கிலி மாதிரி வெட்டி இழுக்கும். மருந்து மாதிரிதான். டோஸ் எடைக்குத் தக்க இருக்கணும்.

வின்ச் கயிற்றுக்கு வேறு கணக்கு. வின்ச்சின் இழுதிறனைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். நம்ம ஊரில் பரவலாகப் போடுகிற 9,500 பவுண்ட் வின்ச் 4.3 டன் இழுக்கும். நல்ல 10 மி.மீ. டைனீமா ரகக் கயிறு எட்டு, ஒன்பது டன் தாங்கும். சரியாகப் பொருந்தும்.

தடிமனைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தேர் வடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தடித்ததெல்லாம் பலம் என்று மனதில் பதிந்துவிட்டது. லாரியில் தார்ப்பாய் கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு அதே 10 மி.மீ. தடிமனில் ஒன்றரை டன் பக்கத்திலேயே கையை விரித்துவிடும். வெள்ள நேரத்தில் எல்லோரும் எடுத்து மாட்டுவது அதைத்தான். அதிலும் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். டைனீமாவில் முடிச்சே நிற்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் நுனிக் கண்ணி பின்னி முடித்ததாக இருக்க வேண்டும்.

"ஸ்டீல் கம்பி வின்ச்சோடயே வருதே டாக்டர், அதை எதுக்கு மாத்தணும்?" என்று ஒரு கூட்டம் கேட்கும். கம்பிக்கும் நியாயம் உண்டு. பாறையில் உரசினால் தாங்கும், வெயில் ஒன்றும் செய்யாது, சூடு தாங்கும், விலையும் குறைவு. ஆனாலும் மாற்றச் சொல்கிறேன். 28 மீட்டர் ஸ்டீல் கம்பி சுமார் 11 கிலோ. அதே நீள டைனீமா ஒன்றரை கிலோ பக்கம். அறுந்து வீசும்போது எது உங்கள் மேல் விழலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். லேசான நார்க்கயிறு பெரும்பாலும் காற்றிலேயே வேகம் இழந்து கீழே விழும். கம்பி அப்படி விழாது, சாட்டை மாதிரி வீசும். இன்னொன்று, பழைய கம்பியில் இழைகள் பிரிந்து முள் முள்ளாக நிற்கும். டிரம் சுற்றும்போது அந்த முள் கையுறையைக் கவ்வினால், கையுறையோடு கையும் உள்ளே போகும்.

டைனீமாவுக்கு எதிரி இரண்டு பேர், மணலும் சூடும். திருச்செந்தூர் தேரிக்காட்டுச் செம்மணலோ, மெரினா மணலோ, நாருக்குள் புகுந்துவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளுக்குள்ளேயே அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். அது உருகுவது 150 டிகிரி பக்கம், பலம் இழக்க ஆரம்பிப்பதோ அதற்கு வெகு முன்பே. சில வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும், வண்டியைச் சரிவில் மெதுவாக இறக்கினால் டிரம் கொதிக்கும். அந்த வகை வின்ச் என்றால் கடைக்காரரிடம் இதைத் தெளிவாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கம்பி ஓடித் தேய்ந்த பழைய ரோலரும் வேண்டாம். அதில் உள்ள பிசிறு புதுக் கயிற்றை ஒரே நாளில் கிழிக்கும். வழவழப்பான அலுமினிய வாய் போடுங்கள்.

அடுத்து, நுனி. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி வைத்து, சில நூறு ரூபாய்க்கு, ஜிப் பையில் போட்டு விற்கிறார்களே, "5 டன்" என்று அட்டையில் எழுதியிருக்குமே, அதை வைத்து மாட்டிய வண்டியை இழுக்காதீர்கள். தார் ரோட்டில் பிரேக்டவுன் ஆன காரை மெக்கானிக் கடை வரை மெதுவாக இழுத்துப் போகலாம், அவ்வளவே. சேற்றில் அச்சு வரை இறங்கிய வண்டி கதையே வேறு. அமெரிக்க ராணுவ மீட்புக் கையேடுகள் சொல்லும் தோராயக் கணக்கு, டயர் மூழ்கியிருந்தால் வண்டி எடைக்குச் சமமான இழுவை, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு, அதற்கும் மேலே என்றால் மூன்று மடங்கு. இரண்டு டன் வண்டி ஆறு டன் கேட்கும். "5 டன்" கொக்கி என்ன செய்யும்? பறக்கும்.

கொக்கிக்குப் பதில் டைனீமாவிலேயே பின்னிய சாஃப்ட் ஷேக்கிள் வந்துவிட்டது. அதை வாங்குங்கள். இரும்பு ஷேக்கிள்தான் வேண்டுமென்றால் அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 4.75 டன் என்று இருந்தால் அது பத்திரமாகப் பயன்படுத்தும் எல்லை, உடையும் அளவு அதைவிடப் பல மடங்கு. கயிற்றில் எழுதியிருப்பதோ பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு. இரண்டும் ஒரே எண் இல்லை. இதைப் பல கடைக்காரர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

டிரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கிறதே, டோ பால், அதில் கயிற்றை மாட்டவே மாட்டாதீர்கள். வெளிநாடுகளில் இந்த மாதிரி விபத்துகளில் உயிர் போனதற்கு அந்த உருண்டை உடைந்து பின் கண்ணாடியைத் துளைத்து வந்ததும் ஒரு முக்கியக் காரணம். அது ஒரு பீரங்கிக் குண்டு. பம்பருக்கு மாட்டும் அலங்காரக் கம்பி, ஸ்டியரிங் ராடு எதுவும் ஆகாது. சேசிஸில் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே செய்த கொக்கி மட்டும்தான்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை. வண்டி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். "அண்ணே லெஃப்ட் ஒடி", "ரிவர்ஸ் போடு, ரிவர்ஸ் போடு" என்று ஆளுக்கொரு யோசனை. பாதிப் பேர் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தோளில் குழந்தை வேறு. அடிபடுவது பெரும்பாலும் ஓட்டுகிறவர் அல்ல, நிற்கிறவர். அந்த ஆஸ்திரேலிய லேபிள் சொல்வது, கயிற்றின் நீளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தூரம். 9 மீட்டர் கயிற்றுக்கு 14 மீட்டர், ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் மேலே. கூட்டம் விலகாமல் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான போர்வையோ போடுங்கள், அறுந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதைப் போட்டுவிட்டோமே என்று பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. இறுகிய கயிற்றை யாரும் தாண்டவும் கூடாது.

இன்னும் ஒன்று, இழுப்பதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள். டயர் முன்னால் உள்ள மண்ணை வெட்டி, காற்றை 15, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் மணலில் பல வண்டிகள் தானாகவே வெளியே வந்துவிடும். கயிறே தேவைப்படாது.

கையில் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைத் தொடுங்கள். மோதிரம் கயிற்றில் மாட்டி இழுபட்டால் விரலின் தோல் மொத்தமாகக் கையுறை போல உரிந்து வரும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதையும் மீறி அடிபட்டால், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். கம்பி, கொக்கி எதுவும் உடம்பில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள், அப்படியே அசையாமல் கொண்டு வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம், ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டி அழைத்து வாருங்கள். சேற்றுக் காயம் என்பதால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதை ஐஸில் நேரடியாகப் போடாதீர்கள், தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஆளோடு சேர்த்தே அனுப்புங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. வேறு ஊர் என்றால் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே போன் போட்டு, பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஐஸில் சரியாக வைத்த விரலுக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு, வெயிலில் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்த விரலுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.