நாய்க்குட்டி ஜனவரியில் வரட்டும்

"பிஎஸ்எல்இ முடியட்டும், நாய்க்குட்டி வாங்கலாம்."

இந்த ஆண்டு எத்தனை வீடுகளில் இந்த வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறதோ தெரியாது. கணக்குப் பயிற்சித்தாளின் கடைசிப் பக்கத்தை எப்படியாவது செய்ய வைக்கவேண்டும் என்ற அவசரத்தில் அப்பாவோ அம்மாவோ சொன்ன வார்த்தை அது. பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், பிள்ளை மறக்காது. அக்டோபர் பிறந்ததும் கைப்பேசியை நீட்டும். "அம்மா, இந்த பூடல் எவ்வளவு க்யூட்டா இருக்கு பாருங்க! எப்பம்மா போறோம்?"

வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் அக்டோபரில் வேண்டாம், ஜனவரியில் காப்பாற்றுங்கள். இடையில் இருக்கும் மூன்று மாதத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருக்கவேண்டும். டாய் பூடல், ஷிட்ஸு, மால்டீஸ், பொமரேனியன் போன்ற சிறிய இனங்கள் அதில் உண்டு. கோர்கி, ஷீபா இனு, கோல்டன் ரெட்ரீவர் எல்லாம் இல்லை. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க 'அடோர்' திட்டம் என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்குக் காணொளியில் பிடித்த நாய் எது என்று பார்ப்பதற்கு முன், நம் வீட்டுக்கு எது வரலாம் என்று பாருங்கள். ஆசை வைத்த பிறகு 'இது முடியாது' என்று சொல்வது இன்னும் கஷ்டம்.

சரி, பணத்துக்கு வருவோம்.

நாய்க்குட்டியின் விலை எல்லோருக்கும் தெரியும். கடையில் வாங்கினால் சில ஆயிரம் வெள்ளி, காப்பகத்திலிருந்து தத்தெடுத்தால் சில நூறு வெள்ளி. வீட்டில் விவாதமும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். அந்த எண்ணை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம். குட்டி வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு முதல் 12 மாதத்தில் என்ன ஆகும் என்று மட்டும் கணக்குப் போடுவோம்.

ஓர் உதாரணக் குடும்பம். செங்காங்கில் நான்கறை வீடு, அப்பா அம்மா இருவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள், ஒரு டாய் பூடல். கீழே இருக்கும் எண்கள் திட்டமிட ஒரு தொடக்கம்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள விலங்கு மருந்தகத்தில் விலை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் பை: ஒருமுறைச் செலவு

படுக்கை, தடுப்புக் கூண்டு, கிண்ணம், கழுத்துப்பட்டை, தூக்கிச் செல்லும் பை: 300 வெள்ளி. தடுப்பூசிகளும் பரிசோதனையும்: 300 வெள்ளி. கருத்தடை அறுவை சிகிச்சை: 600 வெள்ளி. பயிற்சி வகுப்பு: 500 வெள்ளி. மருந்தகத்துக்குப் போய்வர வாடகைக் கார்: 200 வெள்ளி. எம்ஆர்டியிலும் பேருந்திலும் நாய்க்குட்டியை ஏற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கடைசியாக உரிமம்: 90 வெள்ளி என்று எழுதிக்கொள்வோம். மொத்தம் 1,990 வெள்ளி.

உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதம் தாண்டிய எந்த நாய்க்கும் சிங்கப்பூரில் உரிமம் கட்டாயம். கருத்தடை செய்யாத நாய்க்கு ஆண்டுக்கு 90 வெள்ளி, செய்த நாய்க்கு 15 வெள்ளி. உரிமம் எடுக்காமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

இரண்டாம் பை: மாதச் செலவு

உணவு 80 வெள்ளி. சிறுநீர் விரிப்பும் சுத்தம் செய்யும் பொருள்களும் 40 வெள்ளி. உண்ணி, இதயப்புழுத் தடுப்பு மருந்து 35 வெள்ளி. முடி வெட்ட 60 வெள்ளி. விளையாட்டுப் பொருள், தின்பண்டம் 20 வெள்ளி. மாதம் 235, ஆண்டுக்கு 2,820 வெள்ளி.

இதில் பலரும் வெட்டப் பார்ப்பது அந்த 35 வெள்ளியைத்தான். இதயப்புழு கொசுக்கடியால் பரவும் நோய். டெங்கிக்குப் பயந்து பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்து வைக்கிற ஊர் நம் ஊர். இங்கே கொசு இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. நோய் வந்த பிறகு செய்யும் சிகிச்சை நீண்டது, நாய்க்கு வேதனையானது, மாத மருந்தைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும்.

முடி வெட்டும் செலவு இனத்தைப் பொறுத்தது. பூடலின் முடி நிற்காமல் வளரும், ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது வெட்டவேண்டும். குட்டை முடி உள்ள நாயை வீட்டிலேயே குளிப்பாட்டலாம், செலவு பாதியாகக் குறையும். ஆகவே எந்த நாய் என்று முடிவு செய்யும்போதே மாதச் செலவில் ஒரு பகுதியையும் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

மூன்றாம் பை: ஊருக்குப் போகும் செலவு

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பலவற்றில் இது இருக்காது, நம் வீடுகளில் கட்டாயம் இருக்கும். டிசம்பர் விடுமுறை. திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் போட்டாயிற்று. சித்தப்பா மகள் கல்யாணம், குலதெய்வக் கோயில், பட்டுப்புடவைக் கடை என்று 18 நாள். நாய் எங்கே இருக்கும்?

தங்குவிடுதியில் விட்டால் ஓர் இரவுக்கு 50 வெள்ளி என்று வைத்தாலும் 18 இரவுக்கு 900 வெள்ளி. விமான டிக்கெட் விலையை மூன்று தளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிற நாம், இந்த 900 வெள்ளியை ஒரு தாளில்கூட எழுதி வைப்பதில்லை.

நான் ஜனவரி என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போடுவார்கள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 16 வார வயது வரை தொடரும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிர்க்கொல்லி நோய்களிலிருந்து பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பது அதற்குப் பிறகுதான். தங்குவிடுதிகளும் பொதுவாகத் தடுப்பூசி அட்டையைக் கேட்கும். அக்டோபர் கடைசியில் வந்த இரண்டு மாதக் குட்டி டிசம்பர் முதல் வாரத்தில் இன்னும் ஊசிகளை முடித்திருக்காது. வீட்டுக்குப் பழக ஆரம்பித்த நேரத்தில் வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் காணாமல் போனால் அதற்கு எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், பிறகு குட்டி வரட்டும். அடுத்த டிசம்பருக்கு இந்த 900 வெள்ளியை மாதாமாதம் சேர்க்கலாம்.

நான்காம் பை: அவசரம்

1,500 வெள்ளி. முதல் ஆண்டில் செலவாகாமல் போனால் நல்லது, அப்படியே இருக்கட்டும்.

நாய்க்குட்டி எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்க்கும். நம் சமையலறையில் அதற்கு ஆகாதவை நிறைய. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியவை. சாம்பார் சோறு, குழம்பு ஊற்றிய சோறு, கறிக் குழம்பு எலும்பு எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். தீபாவளிக்கு வந்த சாக்லேட் பெட்டி மேசை ஓரத்தில் இருந்தால் அதுவும் ஆபத்துதான். இரவு நேர அவசர மருந்தகத்தில் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கே நூறு வெள்ளிக்குமேல் ஆகலாம். ஓரிரு நாள் அங்கேயே வைத்துச் சிகிச்சை தந்தால் கட்டணம் ஆயிரங்களில் போகும். செல்லப்பிராணிக் காப்புறுதி எடுக்கலாம். ஆனால் காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடைக்குமா, நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு பைகளையும் கூட்டுவோம். 1,990, 2,820, 900, 1,500. மொத்தம் 7,210 வெள்ளி. மாதத்துக்குச் சுமார் 600. குட்டியின் விலை இதில் சேரவில்லை.

"எங்க கம்பத்துல ரெண்டு நாய் இருந்துச்சு, யாரு கணக்குப் பார்த்தா?" என்று வீட்டில் பாட்டி கேட்பார்கள். பாட்டி சொல்வது உண்மைதான். கம்பத்து நாய் வாசலில் படுத்தது, மிஞ்சியதைத் தின்றது, ஊரைச் சுற்றி வந்தது. நோய் வந்தால் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு அதன் கதை முடிந்தது. பன்னிரண்டாம் மாடியில் கதவைப் பூட்டி வளர்க்கும் நாய்க்கு உணவு, நடை, மருந்து, துணை எல்லாமே நாம் கொடுத்தால்தான் உண்டு. பாட்டியிடம் வேறொரு கேள்வியும் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். பூசை அறைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் அவர்களுக்குச் சம்மதமா? பகலில் குட்டியோடு வீட்டில் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

நேரமும் செலவுதான். குட்டியால் சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எத்தனை மாத வயதோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில் இது எப்படி நடக்கும்? பணிப்பெண் பார்த்துக்கொள்வார் என்றால் அவரிடம் முன்கூட்டியே கேட்டீர்களா? யாரும் இல்லையென்றால் பகல்நேரப் பராமரிப்புக்கு ஐந்தாவது பை ஒன்று வேண்டும், அது மற்ற பைகளைவிடப் பெரிதாக இருக்கும். நான் காலை நிகழ்ச்சி செய்கிறேன். நாலரை மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாய் என்றால் எனக்கு உயிர், ஆனாலும் இந்த ஐந்தாவது பையில் என் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அதனால் தற்போதைக்குப் புளோக் கீழே உலாவரும் அண்டை வீட்டு நாய்களோடு சிநேகம் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த மூன்று மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பர். மாதம் 600 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றே தனிக்கணக்கில் போட்டுவிடுங்கள். நாய் ஏற்கெனவே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து கீழே இருபது நிமிடம் நடந்துவிட்டு வரவேண்டும், மழை பெய்தால் வெற்றுத்தளத்தில் நடக்கட்டும். பள்ளி விடுமுறையிலும் இது தொடரவேண்டும். ஊரில் இருக்கும் நாள்களுக்கு மட்டும் விலக்கு.

டிசம்பர் கடைசியில் கணக்கைத் திறந்து பாருங்கள். 1,800 வெள்ளி தொடாமல் இருந்தால் முதல் பையின் பெரும்பகுதி கையில் இருக்கிறது. பிள்ளையும் நடந்திருந்தால் நாய்க்குட்டியைப் பார்க்கக் கிளம்பலாம். இரண்டு மாதம் போட்டு மூன்றாம் மாதம் எடுத்துவிட்டீர்கள் என்றால், அதுவும் ஒரு பதில்தான். யாருக்கும் நட்டமில்லை, பணம் உங்களிடமே இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து மறுபடி முயலலாம். அல்லது ஊசிகளும் கருத்தடையும் முடிந்த வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாம், முதல் பை ஏறக்குறைய பாதியாக இளைத்துவிடும்.

இந்தச் சோதனையை நாய் வந்த பிறகு செய்தால் நிலைமை வேறு. மார்ச் மாதத்தில் கட்டணங்கள் சேர்ந்து, அப்பாவும் அம்மாவும் சத்தம் போட்டு, 'யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடும் நிலை வரலாம். நாயைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல்முறை என்றாலும் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். பெயர் வைத்து, மடியில் தூங்க வைத்த ஒன்றை வேறொருவர் காரில் ஏற்றி அனுப்பும்போது 12 வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளையை உட்கார வையுங்கள். ஒரு தாள், நான்கு பை. எண்களை அதுவே எழுதட்டும். கடைசியில் மொத்தத்தையும் அதுவே கூட்டட்டும். பிஎஸ்எல்இ கணக்குத் தாளைவிட அக்கறையாகப் போடும், பாருங்கள்.