இறால் பண்ணை முதலாளிகளுக்கு எத்தனை சட்டம்?

ராமநாதபுரம் கடலோரத்தில் இறால் பண்ணை வந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கிறார்கள். அன்னியச் செலாவணி வருகிறதாம், வேலை கிடைக்கிறதாம். யாருக்கு ஐயா?

நம் ஜில்லா வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கித்தான் திருவாடானை வட்டாரத்தில் ஒரு போகம் நெல் எடுக்கிறோம். கடலோர மணலிலே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி, பெண்கள் குடம் நிரப்புகிறார்கள். இறால் குளத்துக்கோ உப்பு நீரைப் பம்பு வைத்து இறைக்கிறார்கள். மாதக்கணக்கில் தேங்கிய உப்பு கீழே இறங்குகிறது. இறாலைப் பிடித்ததும் தீவனக் கழிவும் மருந்தும் கலந்த நீரை ஓடையில் திறந்து விடுகிறார்கள். ஊற்று கரிக்கிறது. பக்கத்து வயலில் விதைத்த நெல் முளையிலேயே கருகுகிறது.

வேலையாம் வேலை! நெல்லுக்கு விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு என்று ஊரே இறங்க வேண்டும். குளம் வெட்டி முடிந்த பிறகு பண்ணைக்கு வேண்டியது பம்பு ஓட்டுகிறவரும் இராக் காவலரும்தான்.

இது நாம் மட்டும் சொல்வதல்ல. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். (நிலச்சுவான்தாரின் மனம் இளகிப் பூமிதானம் செய்வார் என்ற அவரது நம்பிக்கை நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் இந்த வழக்கில் நியாயம் அவர் பக்கம்.) 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறை தவிர்த்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது. கெடுத்தவனே நஷ்டஈடு தர வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருடச் சம்பளம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக எந்தக் கோர்ட்டு சொல்லும்?

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? மறுபரிசீலனை மனு, தடையுத்தரவு என்று காலம் கடத்தினார்கள். பிறகு பார்லிமெண்டே அவர்களுக்குக் கை கொடுத்தது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? 1991 பிப்ரவரி 19-ல் வெளியான கடலோரப் பாதுகாப்பு அறிவிப்பிலேயே, இத்தொழிலுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரியைச் செருகியது. அதுவும் 1991 முதற்கொண்டே அமலில் இருந்ததாக! பதினான்கு வருடக் குற்றம் ஒரே வரியில் குற்றமில்லாமல் போயிற்று. லைசென்ஸ் இல்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை என்று அச்சட்டத்தில் ஒரு பிரிவாவது இருந்தது. 2023 திருத்தம் அந்தச் சிறையையும் எடுத்துவிட்டு, அபராதம் கட்டினால் போதும் என்றது.

உர ஆலை முதலாளியும் இதே ஜாதிதான். ராஜஸ்தானில் பிச்ரி கிராமத்துக் கிணறுகளை ரசாயனக் கழிவால் நாசமாக்கிய தொழிற்சாலைக் கூட்டத்தில் சூப்பர் பாஸ்பேட் உர ஆலையும் ஒன்று. 1996 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவர்களையே செலவை ஏற்கச் சொன்னது. மனுமேல் மனுப் போட்டுப் பதினைந்து வருடம் இழுத்தடித்தார்கள். 2011-ல் கோர்ட்டே அதைக் கண்டித்து வட்டி போட வேண்டியதாயிற்று. கூலி விவசாயி ஒரு வாய்தாவுக்கு மதுரைக்குப் போக பஸ் காசு தேடுகிறான். அவர்களுக்கோ வாய்தாதான் லாபம்.

நாம் கேட்பது அதிகமில்லை. பண்ணைகளைப் பரிசீலிக்கும் ஜில்லாக் கமிட்டிக்குத் தலைவர் கலெக்டர். ராமநாதபுரம் ஜில்லாவில் அனுமதி பெற்ற பண்ணை எவை, பெறாதவை எவை, ஒவ்வொன்றும் எந்த சர்வே நம்பரில் இருக்கிறது, கழிவை எந்த ஓடையில் விடுகிறது என்ற பட்டியலைக் கடலோரக் கிராம சபைகள் ஒவ்வொன்றிலும் அவர் வாசிக்கச் செய்யட்டும். அந்தந்த ஊர் ஊற்றுத் தண்ணீரை மக்கள் முன்னிலையில் பரிசோதிக்கட்டும்.